கரை வைத்த மெஷினும் கரையில்லாத கண்ணாடியும்

கையில் பிடிக்கிற பொருளைப் பழுது பார்க்கும் தொழிலில், பொருள் ஒன்றும் சொல்லாது, எடுத்து வந்தவர்தான் எல்லாம் சொல்வார். இரண்டில் எது பழுது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போகிற வழியில் எங்கள் கடை. ஒரு சின்ன அறை, இரண்டு மேஜை. ஒன்றில் நான், மேகலா. டேப் என்கிற டேப்லெட்டும் கையடக்க கேம் மெஷினும் என் பங்கு. இன்னொன்றில் பாஷா பாய். செல்போன்கள் அவர் பங்கு. தினமும் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறேன். பக்கத்து வீடுகளில் தறி ஓடுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சத்தத்தில் நான் கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிடுவேன். "மேடம் யோசிச்சுக்கினு இருக்காங்க" என்று பாய் வந்தவர்களிடம் சொல்லிச் சமாளிப்பார். பாதி நேரம் அது உண்மையும்கூட.

நான் யோசிப்பது ஒரே விஷயத்தைத்தான். டேப் என்பது ஒரு கண்ணாடிப் பலகை. கேம் மெஷின் என்பது நடுவில் சின்னத் திரை, இரண்டு பக்கமும் கைப்பிடி, கைப்பிடியில் பொத்தான்கள், கட்டைவிரலால் சுழற்ற ஒரு குமிழ். திறந்து பார்த்தால் இரண்டுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். அப்படியிருக்க, ஒன்றைக் கையில் எடுத்தவர் ஏன் கழுத்தை நீட்டி முகத்தைச் சுருக்குகிறார், இன்னொன்றை எடுத்தவர் ஏன் தோள் தளர்ந்து சாய்ந்து உட்காருகிறார்? கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து விரல் மழுங்கிய ஆள் உங்கள் வீட்டிலும் ஒருவராவது இருப்பார். அது நீங்களாகவே இருக்கலாம். அதனால் என் அவஸ்தை உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

பொட்டு வைக்க இடம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையில் கூட்டம் தாங்காது. இந்த ஊரில் தறிக்குப் பொட்டு வைப்பார்கள், தராசுக்கு வைப்பார்கள், தையல் மெஷினுக்கு வைப்பார்கள். அந்த வரிசையில் டேப்பும் கேம் மெஷினும் வந்து சேர்ந்துவிட்டன. தப்பே இல்லை. சோறு போடுகிற பொருளையும் சந்தோஷம் தருகிற பொருளையும் கும்பிட வேண்டியதுதான். ஆனால் சந்தனத்தை நன்றாகக் குழைத்து, சார்ஜ் ஒயர் சொருகுகிற ஓட்டையில் வைத்து அப்பிவிடுகிறார்கள். காய்ந்தால் அது கல். ஊசியால் நோண்டி எடுப்பதற்குள் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். கேம் மெஷினில் குங்குமம் பொத்தானுக்கு அடியில் இறங்கிவிடும். அமுக்கினால் திரும்பி வராது.

போன வருஷம் சேலைக்கு டிசைன் வரைகிற ஒரு பெண்மணி டேப்பைக் கொண்டுவந்தார். திரைக்கு நட்டநடுவே ஈரச் சந்தனம் வைத்திருக்கிறார். டேப் அதை விரல் என்று எண்ணிக்கொண்டுவிட்டது. சந்தனம் வழிய வழிய, திறந்து வைத்திருந்த மாங்காய் டிசைன்மேல் அதுவாகவே ஒரு நீளக் கோட்டை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் கோடு என்னவோ எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. மாங்காயிலிருந்து ஒரு நதி கிளம்பிப் போவதுபோல இருந்தது. அதை அவரிடம் சொல்கிற நேரம் அது இல்லை. ஓரமாக வைத்திருக்கக் கூடாதா, நடுவிலா வைப்பார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"பின்ன எங்கம்மா வெக்கறது? இதுக்கு நெத்தியே இல்லியே, மொத்தமும் மூஞ்சியாத்தான இருக்குது."

உள்ளே படிந்த நிறம்

கேம் மெஷினின் முதுகில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். சூடு வெளியே போக உள்ளே ஒரு குட்டி மின்விசிறி ஓடும். தறி வீடுகளிலிருந்து வருகிற மெஷினைத் திறந்தால் அந்த விசிறியைச் சுற்றிப் பட்டுத் துகள் மெத்தையாகப் படிந்திருக்கும். எந்த நிறச் சேலை அந்த வீட்டுத் தறியில் ஓடுகிறதோ, அந்த நிறம். ஒரு வீட்டு மெஷினில் மாம்பழ மஞ்சள், இன்னொன்றில் மயில் கழுத்து. அடுக்கடுக்காகவும் இருக்கும். போன மாதச் சேலை அடியில், இந்த மாதச் சேலை மேலே. தூரிகையால் அதைத் தள்ளி வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனவர் வந்து நிற்பதுகூடத் தெரியாது.

ஒருநாள் ஒருவரிடம், "உங்க வீட்டுல கிளிப்பச்சை உடல், அரக்குக் கரையா ஓடுது?" என்று கேட்டுவிட்டேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. யாரோ பெரிய இடத்துக் கல்யாணச் சேலையாம், நிறத்தை வெளியே மூச்சுவிடக் கூடாதாம். யார் சொன்னார்கள் என்று என்னைத் துளைத்தெடுத்தார். மெஷின் சொன்னது என்றேன். அவர் நம்பவில்லை. டேப்பிலும் இப்படித் தெரியுமா என்று கவலையாகக் கேட்டார். டேப்பில் துளையும் கிடையாது, விசிறியும் கிடையாது, ஒரு துகள் உள்ளே போகாது என்று நான் விளக்குவதற்குள் பாஷா பாய் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"டேப்பு மூச்சு வுடறதில்லீங்க, அதனால அதுக்கு ஊட்டு சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது. தைரியமா இருங்க."

பழுதில்லாத பழுது

தேவகி அக்கா எங்கள் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஐம்பதைத் தாண்டிய கோர்வை நெசவுக்காரி. கோர்வை என்றால், சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு போவது. நெய்கிறவர் நடுவில் உட்காருவார். ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, அதாவது ஊடை இழையைக் கொண்டுபோகிற கட்டையை, எறிய வேண்டும். அக்காவுக்கு அந்த ஓரத்து ஆளாகப் பல வருஷம் இருந்தது தம்பி சேகர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்ததும் அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேகர் இப்போது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். தறி ஓரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து உட்காருகிறாள்.

சேகர் ஒரே மாதிரி இரண்டு கேம் மெஷின் வாங்கி, ஒன்றை ஊருக்கு வந்த நண்பரிடம் அக்காவுக்குக் கொடுத்தனுப்பினான். சாயங்காலமானால் அவன் அங்கே, இவர் இங்கே, நெட்டில் சேர்ந்து ஆடுவார்கள். அக்கா அதை இரண்டு கையாலும் இரண்டு முனையில் பிடித்து, மடித்த பட்டுச் சேலையை ஏந்தி வருவதுபோலக் கடைக்குள் ஏந்தி வந்தார். கார் ஓட்டுகிற ஆட்டத்தில் கார் எப்போதும் ஓரத்தில் போய் இடிக்கிறதாம், குமிழ் தானாக ஒரு பக்கம் இழுக்கிறதாம். திறந்து பார்த்தேன், இழுக்கவில்லை. சுத்தம் செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் அதே புகாரோடு வந்தார். புதுக் குமிழே மாற்றினேன். மறுபடியும் வந்தார். எனக்கு லேசாகக் கோபம் வந்தது. "அப்ப டேப்புல ஆடிப் பாருங்கக்கா, அதுல குமிழே கிடையாது" என்று ஒரு டேப்பை எடுத்து நீட்டினேன். வாங்கி, முழுக்க ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல கரையே இல்லியேம்மா. எங்க புடிக்கறது, எங்க வுடறதுன்னு கைக்கு எப்பிடித் தெரியும்?"

அவனிடம் மட்டும்

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அக்கா வரவில்லை. வந்தபோது கையில் மெஷின் இருந்தது, ஆனால் புகார் இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்திருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. ஓரப் பார்வை இரண்டு பக்கமும் போய்விட்டது. நடுவில் தெரிவது மட்டும் நன்றாகத் தெரிகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்யலாம், தள்ளிப் போட்டால் நடுவும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் ஒருவர் கூட வர வேண்டும். சொந்தம் என்று இருப்பது சேகர் ஒருவன்தான்.

"போன் பண்ணிச் சொல்லுங்கக்கா, அடுத்த பிளைட்டுல வந்துடுவான்" என்றேன். அதுதான் பயம் என்றார். சேகர் வந்தால் திரும்பிப் போக மாட்டான். மறுபடி தறி ஓரத்தில் உட்கார்ந்துவிடுவான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளை. மற்ற பிள்ளைகள் தெருவில் விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே நாடா எறிந்த பிள்ளை. இப்போதுதான் தனக்கென்று ஒரு வேலை, தனக்கென்று நான்கு நண்பர்கள் என்று நிமிர்ந்து நிற்கிறான். இதைச் சொல்லும்போது அக்கா மேஜைமேல் இருந்த மெஷினின் இரண்டு கைப்பிடிகளையும் உள்ளங்கையால் மூடினார். நடுவில் திரை மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது.

"கரை ரெண்டும் போயிடுச்சு மேகலா, உடல் மட்டும் மிச்சம். இது சேகருக்கு மட்டும் தெரிய வேணாம், மெஷினு கோளாறுன்னே இருக்கட்டும்."

பெரிய கண்ணாடி

சேகரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கண் சரியில்லை என்று யார் வந்தாலும் பெரிய திரையாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். அந்தப் புத்தியில், கடையிலேயே பெரிய டேப் ஒன்றைத் துடைத்து, அதே கார் ஆட்டத்தை ஏற்றி, கொஞ்ச நாள் வைத்து ஆடிப் பாருங்கள் என்று அக்காவிடம் கொடுத்தேன். கொடுத்தபோது எனக்கு என்மேல் ஒரு பெருமைகூட இருந்தது.

ஒரே வாரத்தில் டேப் திரும்பி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக் காட்டச் சொன்னேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. பெரிய கண்ணாடியில் சாலை நடுவில் இருந்தது. மற்றதெல்லாம் மூலையில் இருந்தது. ஒரு மூலையில் வரைபடம், இன்னொரு மூலையில் நேரம், கீழே இரண்டு மூலையிலும் பொத்தான்கள். பொத்தான் என்றால் நிஜப் பொத்தானா, வெறும் படம். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது, கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அக்காவுக்கு எது தெரியாதோ அந்த இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து அதில் சாமானை அடுக்கி வைத்ததுபோல இருந்தது. அக்கா கண்ணாடியைப் பார்க்கத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். கேம் மெஷினைக் கொடுத்ததும் தலை அசையாமல் நின்றது. சின்னத் திரை முழுசும் அவருக்கு மிச்சமிருந்த பார்வைக்குள் அடங்கிவிட்டது. பொத்தானைக் கண் தேடவில்லை, விரலே போய்ச் சேர்ந்தது. கார் மட்டும் இன்னும் ஓரத்தில் இடித்தது, அது அவருக்குப் பழக வேண்டும். பாஷா பாய் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

"எனக்கு மிச்சம் இருக்கறது இவ்ளோதான், அந்த அளவுக்கே ஒரு திரை செஞ்சு வெச்சிருக்கறான் புண்ணியவான். நீ எதுக்கும்மா என்னை மைதானத்துக்கு இட்டுக்கினு போறே?"

இரண்டு கட்டைவிரல்

டேப்பை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு டிசைனைப் பார்க்க வேண்டும் என்றால் அதைப் படுக்க வைத்தாலே போதும். கேம் மெஷின் ஒருவர் கையில் இருந்தால் மற்றவர்கள் அவர் தோளைத்தான் பார்க்கலாம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வருகிற ரிட்டயர்டு சமஸ்கிருத வாத்தியாருக்கு டேப்தான் உயிர். அலமாரி நிறைய இருந்த புத்தகங்களை அதற்குள் ஏற்றிவிட்டார். ஒரே தொல்லை, ஸ்நானம் செய்துவிட்டு ஈரக் கையோடு பாராயணத்துக்கு உட்காருவார். ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணாடியில் விழுந்தால் பக்கம் தானாகப் புரண்டுவிடும். ஒருமுறை எதையோ ஆரம்பித்து வேறெதையோ முடித்துவிட்டாராம். பகவான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், ஆனால் கேட்டுக்கொண்டிருந்த மாமி எடுத்துக்கொண்டாராம்.

பக்கம் புரட்ட ஒரு சின்ன ரிமோட் பொத்தான் இணைத்துக் கொடுக்கலாம் என்று அவரை உட்கார வைத்தேன். சும்மா இருக்க வேண்டாமே என்று மேஜைமேல் இருந்த ஒரு கேம் மெஷினைக் கையில் கொடுத்தேன். இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டவர் அப்படியே இருந்தார். ஆடவில்லை, அதை ஆன் செய்யக்கூட இல்லை. வெளியே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் உதடு லேசாக அசைந்தது. எங்கேயோ போய்விட்டார் என்று தெரிந்ததால் நான் வேலை முடிந்த பிறகும் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து அவராகவே திரும்பி வந்து, கட்டைவிரல்களைப் பார்த்தபடி சொன்னார்.

"ஓலைச்சுவடியை இப்படித்தாம்மா பிடிப்பா, ரெண்டு கட்டைவிரலும் இதே எடத்துல. நடுவுல யாரோ வந்து கையில ஒரு பலகையைக் குடுத்துட்டா, நாமளும் வாங்கிண்டுட்டோம்."

மீன் கடிக்கிற நேரம்

ஓரத்தில் இடிக்காத ஆட்டமாக அக்காவுக்கு ஒன்று தேடினேன். கிடைத்தது. ஒரு ஏரி, மேலே பனி, இரண்டு கரையிலும் ஒவ்வொருவராக உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும். வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டும். மீன் கடித்தால் கைப்பிடி நடுங்கும். சின்ன மீனுக்கு மெல்ல, பெரிய மீனுக்கு அழுத்தமாக, வலப்பக்கம் கடித்தால் வலக்கையில், இடப்பக்கம் கடித்தால் இடக்கையில். டேப்பிலும் இதே ஆட்டம் உண்டு. அதில் மீன் கடித்தால் பலகை மொத்தமும் ஈ மாட்டிக்கொண்டதுபோல விர்ரென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிடும்.

அன்றைக்கு மழை. வாடிக்கையாளர் யாரும் இல்லை. அக்கா என் மேஜைக்கு எதிரே இருக்கிற சுழல் ஸ்டூலில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டார். நானும் இன்னொரு மெஷினை எடுத்துக்கொண்டு எதிர்க் கரையில் உட்கார்ந்தேன். ஐப்பசியில் நிரம்பிய தென்னேரி ஏரியை ஒரு தடவை விடிகாலையில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. திரையில் இருந்ததும் அப்படித்தான் இருந்தது. மழை அந்த ஏரியில் பெய்கிறதா, எங்கள் தெருவில் பெய்கிறதா என்று புரியாத ஒரு நிலை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு மூன்று மீன் பிடித்தார், நான் திறந்த கண்ணோடு ஒன்றும் பிடிக்கவில்லை. இந்த நேரம் பார்த்து, "ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டீங்களாக்கா?" என்றேன். தை பிறக்கட்டும் என்றார். போன தடவை கார்த்திகை என்றீர்களே என்றேன். தள்ளிப் போட்டால் நடுவும் போகுமே என்று குரலை உயர்த்திவிட்டேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"பேசாத கொஞ்சம் இரு. தறிப் பாவுல ஒரு இழை அறுந்தா கைக்கு வர்ற மாதிரியே இருக்குது, பெரிய மீனு."

மஸ்கட்டிலிருந்து ஒரு கேள்வி

எந்த மெஷினுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று தைரியம் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். நீங்களே சொல்லுங்கள், இல்லாத பழுதை இருக்கிறது என்று சாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு மத்தியானம் கடை போனுக்கு சேகரிடமிருந்து அழைப்பு வந்தது. மெக்கானிக் நம்பர் என்று அக்கா அவனிடம் கடை நம்பரைக் கொடுத்திருந்தாராம். மரியாதையான பையன். வேலை இடத்தில் இரைச்சல், அதற்கு நடுவே சத்தமாகப் பேசினான். "மேடம், அக்கா மெஷினுல இன்னாதான் கோளாறு? நீங்களும் நாலஞ்சு வாட்டி பாத்துட்டீங்க. வேணும்னா இங்கேர்ந்து புதுசு அனுப்பறேன்" என்றான். குமிழ் இழுக்கிறது என்றேன். குமிழ் மாற்றிவிட்டீர்களே என்றான். உள்ளே பட்டுத் துகள் என்றேன். துகள் இருந்தால் சூடாகும், ஓரத்தில் ஏன் இடிக்கும் என்றான். ஏசி மெக்கானிக்கிடம் விசிறியைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது.

என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. பாஷா பாயைப் பார்த்தேன். அவர் சட்டென்று குனிந்து கீழே விழாத ஸ்குரூவைத் தேட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் இரைச்சல் நின்றது. அவன் எங்கேயோ ஒதுங்கி வந்திருக்க வேண்டும். மெஷினா, அக்காவா, ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்றான். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், தை பிறக்கட்டும் என்ற குரல் ஒரு பக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு என்று அவனுக்கும் தெரிந்திருக்கும், அவனும் மெக்கானிக்தானே.

"எதிர்ல வர்ற எதையும் அக்கா இடிக்கறதில்ல மேடம், ஓரத்துல வர்றதைத்தான் இடிக்கறாங்க. தறி ஓரத்துல உக்காந்து அவங்க கையையும் கண்ணையும் பாத்துக்கினே வளந்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

சுழல் ஸ்டூல்

அடுத்த வாரம், காலையில் கடை திறந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது பெரிய பையோடு ஒருவன் வந்து நின்றான். பையில் விமான நிலையத்துச் சீட்டு இன்னும் தொங்கியது. சேகர் என்று அவன் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது, அக்காவின் அதே தாடை. வீட்டுக்குப் போகவில்லை. போனால் அக்கா சிரித்து மழுப்பிவிடுவார், முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்று சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தான். நான் விளக்கை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பும்போதே வாசலில் தேவகி அக்கா. கையில் மெஷின்.

சேகர் எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் நின்றான். அக்கா அவன் முழங்காலை உரசுகிற தூரத்தில் நடந்து வந்தார். அவனைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்து வந்து சுழல் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெஞ்சு அவருக்குக் கைக்கெட்டும் பக்கத்தில் இருந்தது, அவர் கண்ணுக்கு எட்டாத பக்கத்தில் இருந்தது. "நேத்து சேகர் ஆட வரல மேகலா. வேலை அதிகம் போலக்குது. நல்லதாப் போச்சு, அவன் அங்கியே நிம்மதியா இருக்கட்டும்" என்றார். சேகர் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான். போனில் ஊகித்தது வேறு, ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து தான் இல்லாமல் போனதைப் பார்ப்பது வேறு. பக்கத்து வீட்டுத் தறி அந்த நிமிஷம் நின்றிருந்தது, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றுதான் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுந்து போய், ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்து, அக்காவோடு சேர்த்து மெதுவாகத் திருப்பினேன். "இன்னா பண்றே நீ?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார் அக்கா. சுவர் வந்தது, காலண்டர் வந்தது, பையில் தொங்கிய சீட்டு வந்தது, அப்புறம் தம்பியின் முகம் வந்தது. அக்காவின் சிரிப்பு நின்றது. நெய்து முடித்த இடத்தைச் சரிபார்ப்பதுபோல அந்த முகத்தை மேலிருந்து கீழே வரை பார்த்தார். அவன் அழுதுகொண்டிருந்தான். இவர் அழவில்லை. நான் பிடித்திருந்த ஸ்டூல் மட்டும் நடுங்கியது. பக்கத்தில் கிடந்த என் நாற்காலியைக் காலால் துழாவி, தனக்கு எதிரே அவன் பக்கம் தள்ளினார்.

"ஓரத்துல உக்காந்தது போதும்டா. வா, இப்பிடி எதிர்ல வந்து உக்காரு."

ஆபரேஷன் தை பிறக்கும் வரை காத்திருக்கவில்லை. நடுப் பார்வை கெடாமல் தங்கிவிட்டது. லீவு முடிந்த அன்றைக்கு அக்காவே விரட்டாத குறையாக, மஸ்கட் திரும்ப சேகரை பஸ் ஏற்றிவிட்டார். இப்போது சாயங்காலத்தில் ஏரியின் ஒரு கரையில் அவன், இன்னொரு கரையில் இவர். எத்தனையோ உடைந்த கண்ணாடிகள் என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன வாசகர்களே, ஆனால் நான் அதிகத் தடவை திறந்து மூடியது என்னவோ ஒரு பழுதும் இல்லாத அந்த ஒரு மெஷினைத்தான்.